பிரண்டைப்பட்டிப் பந்தும் ஒரு வருஷ கியாரண்டியும்

பிரண்டைப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்கள் கெட்டது அதனால்தான்.

ஒரு தடவை நர்ஸம்மா வந்து, "காய்ச்சல் பரவுது, கொதிக்கிற தண்ணியைத்தான் குடிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறவைத்துக் குடிக்கச் சொல்லவில்லை. ஊரே ஒரு வாரம் நாக்கை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தது. காய்ச்சல் வரவில்லை. நர்ஸம்மா மேல் அவர்களுக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை.

இந்த ஊரில் ஒரு வாலிபால் டீம் இருந்தது. ஆறு பேர். ஆறு பேரைப் பற்றியும் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. மூன்று பேர் போதும். மிச்ச மூவரும் தலையாட்டுகிறவர்கள்.

கேப்டன் தவசி. நல்லவன். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அவன் மச்சான் பூவலிங்கம். எட்டாம் வகுப்பை மூன்று தரம் படித்தவன். ஊரில் மற்றவர்களைவிட மூன்று மடங்கு படிப்பாளி என்று பெயர்.

மூன்றாவது ஒச்சு. மாடு மாதிரி உழைப்பான். மாடாவது நடுவில் நின்று யோசிக்கும்.

வருஷா வருஷம் காணும் பொங்கலன்று பக்கத்து ஊர் மேலக்கரட்டுடன் பந்தயம். மேலக்கரடு முழுக்கப் பாறை. அதனால் ஆட்டம் எப்போதும் பிரண்டைப்பட்டியில்தான். வலை மேலக்கரட்டுப் பொறுப்பு. மைதானமும் பந்தும் பிரண்டைப்பட்டிப் பொறுப்பு. பந்து இல்லை என்றால் ஆடாமலே தோல்வி.

தோற்றால் என்ன என்கிறீர்களா? அங்கேதான் வம்பு. தோற்ற கேப்டன், ஜெயித்த கேப்டனைத் தோளில் சுமந்துகொண்டு போய் அவர் வீட்டு வாசலில் இறக்க வேண்டும். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. சுமக்காதவன் ஆரம்பித்திருப்பான்.

மேலக்கரட்டுக் கேப்டன் பெயர் கருமலை. பெயருக்கேற்ற ஆள். அவர் உட்கார்ந்தால் கட்டில் முனகும். எழுந்தால் கும்பிடும். மேலக்கரடு மூன்று மைல். தவசி அவரை வருஷம் தவறாமல் சுமந்தான். ஏனென்றால் பிரண்டைப்பட்டி வருஷம் தவறாமல் தோற்றது.

காரணம் இருந்தது. ஒரு வாத்தியார் அவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தபோது, "பந்து மேலேயே கண்ணா இருங்கடா" என்று சொல்லிவிட்டார். இருந்தார்கள். பந்து வருவதைப் பார்த்தார்கள். விழுவதைப் பார்த்தார்கள். விழுந்து உருள்வதையும் கண் இமைக்காமல் பார்த்தார்கள்.

தவசியின் இடது தோள் இறங்கிவிட்டது. அவன் சட்டைக்கு இடது பக்கத்தைத் தையல்காரர் இரண்டு விரற்கடை குறைத்தே வெட்டுவார். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் முழங்காலைத் தொடும்.

போன பொங்கலுக்கு அவன் மனைவி காமாயி தைலம் தேய்த்துக்கொண்டே, அந்த இடது தோளில் பட்டென்று ஒரு அடி போட்டாள்.

"இந்தா பாரு. அடுத்த வருசமும் இந்தத் தோள்ல அந்த மனுசனைத் தூக்குனேன்னு வந்து இந்த வாசப்படி ஏறினே, நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன். ஆமா."

ஆத்தா வீடு அடுத்த தெருதான். ஆனால் போனால் வரமாட்டாள். காமாயி பிரண்டைப்பட்டியில் பிறந்தவள். சொன்னால் சொன்னதுதான்.

தவசி பயந்துபோனான். "ஜெயிச்சுரலாம், காமாயி" என்றான்.

"முதல்ல பந்து வாங்கு" என்றாள். பழைய பந்தை நாய் கடித்துவிட்டிருந்தது. அதையும் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஐப்பசியில் டவுனுக்குப் போய் பெர்க்மான்ஸ் என்பவர் கடையில் புதுப் பந்து வாங்கினார்கள். அட்டைப் பெட்டியோடு கொடுத்தார்.

"ஒரு வருசம் கியாரண்டி. காத்து எறங்குச்சுன்னா புதுசு மாத்திக் குடுத்துருவாங்க" என்றார்.

மறுநாளே காற்று இறங்கியது. அடிக்கும்போது பந்தாக இருக்கும். ஒரு பாக்கு போட்டுத் துப்புவதற்குள் ஊத்தப்பமாகிவிடும்.

"எங்கிட்டு மச்சான் போகுது?" என்றான் தவசி.

பூவலிங்கம் பந்தைக் காதில் வைத்துக் கேட்டான். "வெளியதான் மாப்ளே போகுது."

எல்லோரும் தலையாட்டினார்கள். படிப்பு படிப்புதான்.

பந்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்கள். கடை வாசலில் பூவலிங்கம் நிறுத்தினான்.

"காத்தில்லாத பந்தோட கடைக்குள்ள போறது வெறுங்கையோட கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி. அடிடா ஒச்சு."

ஒச்சு கைப்பம்பால் புஸ்க் புஸ்க் என்று அடித்து, பந்தைக் கல்லாக்கினான். உள்ளே போனார்கள்.

காற்று இறங்குகிறது என்று தவசி சொன்னபோது பெர்க்மான்ஸ் வேறு வியாபாரத்தில் இருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கம்பெனி ஆள் உங்க ஊருக்கே வந்து பார்ப்பாரு. அதுவரைக்கும் பந்து இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். பிரிக்கக் கூடாது, ஒட்டக் கூடாது. கொஞ்சம் மாறுனாலும் கியாரண்டி செல்லாது. புரியுதா?"

புரிந்தது. அதுதான் ஆபத்து.

ஊர் திரும்பும் வழியிலேயே ஒச்சு அலறினான். "அண்ணே! மாறுது! பந்து மாறுது!"

"அடிடா! கியாரண்டி போயிரும், அடி!"

அன்றைக்கு ஆரம்பித்தார்கள். முறை போட்டுக்கொண்டு இரவும் பகலும் பந்துக்குக் காற்று அடித்தார்கள். அப்படியே இருக்க வேண்டுமே. ஒருவன் சோறு தின்றால் இன்னொருவன் அடிப்பான். பிரண்டைப்பட்டிப் பிள்ளைகள் அந்தப் புஸ்க் புஸ்க் இல்லாமல் தூங்க மறுத்தன.

கம்பெனி ஆள் வரவில்லை. கேட்டால் பெர்க்மான்ஸ், "வருவாரு" என்பார். ஐப்பசி மழை வந்தது. நின்றது. கார்த்திகை விளக்கு ஏற்றினார்கள். அணைத்தார்கள். கம்பெனி ஆள் மட்டும் வரவில்லை. ஒச்சுவின் வலது கை தொடையளவு பருத்துவிட்டது. நடந்தால் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போனான். நேராகப் போக வேண்டுமானால் அவனை முதலில் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிவிட வேண்டும்.

மார்கழியில் ஒருநாள் கம்பெனி ஆள் வந்தார். டை கட்டியிருந்தார். மோட்டார் சைக்கிள். பந்தை வாங்கி அமுக்கினார். தரையில் போட்டார். அது அவர் முகவாய் வரை எழும்பியது.

"நல்லாத்தானே இருக்கு? என்ன குறை இதுல?"

தவசி நெஞ்சை நிமிர்த்தினான். "ஒரு குறையும் இல்லைங்க. குறையில்லாமப் பாத்துக்கிட்டோம்."

"அப்ப எதுக்குய்யா என்னைக் கூப்பிட்டீங்க?"

"நீங்கதான் வந்து பார்ப்பீங்கன்னு சொன்னாங்க."

கம்பெனி ஆள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பந்தில் பழுதில்லை என்று எழுதிக்கொண்டு கிளம்பினார்.

ஒச்சு நிம்மதியாகப் பம்பைக் கீழே வைத்தான். மோட்டார் சைக்கிள் ஊர் எல்லை தாண்டுவதற்குள் பந்து ஊத்தப்பமாகிவிட்டது.

"ஆள் இருக்கிறவரைக்கும் ஒழுங்கா இருந்துச்சு பாத்தியா?" என்றான் பூவலிங்கம். "மரியாதை தெரிஞ்ச பந்து."

மறுபடியும் கடை. இந்தத் தடவை பெர்க்மான்ஸ் நிமிர்ந்து பார்த்தார். முகம் சரியில்லை.

"காத்து போகுதுன்னு சொல்றீங்க. கம்பெனிக்காரன் போகலைன்னு எழுதிட்டுப் போயிட்டான். நான் யாரை நம்புறது? போன காத்து எங்கே? அதைக் கொண்டாந்து காட்டு, நான் நம்புறேன்!"

எரிச்சலில் சொன்னார். ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் தவசி சொன்னான். "மனுசன் கேக்கிறது நியாயம்தானே?"

"நியாயம்தான். திருட்டுக் கேசுலகூட சாமானைக் காட்டச் சொல்றாங்கல்ல" என்றான் பூவலிங்கம்.

வழியும் அவனே கண்டுபிடித்தான். உள்ளே பிளாஸ்டிக் வைத்த உரச் சாக்கு ஒன்றை எடுத்தார்கள். அதற்குள் பந்தை வைத்து, பம்புக் குழாயை மட்டும் வெளியே விட்டு, வாயை இறுக்கிக் கட்டினார்கள். ஒச்சு அடித்தான். பந்துக்குள் போன காற்று பந்திலிருந்து கசிந்து சாக்கில் தங்கியது. சாக்கு சினைமாடு மாதிரி உப்பியது. பிறகு குழாயை உருவி முடிச்சுப் போட்டு டவுன் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

"சாக்குல என்னய்யா?" என்றார் கண்டக்டர்.

"காத்துங்க."

"நெல்லா கடலையா, ஒழுங்காச் சொல்லு. லக்கேஜ் போடணும்."

"காத்துதாங்க. எங்க பந்துக் காத்து."

கண்டக்டர் விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"அமுக்காதீங்க!" என்று கத்தினான் தவசி. "சாட்சி அது!"

கண்டக்டர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். சர்வீஸில் பலதையும் பார்த்தவர். அடுத்த நிறுத்தத்தில் ஒரு புகையிலை வியாபாரி ஏறினார். வாட்டசாட்டமான ஆள். உட்கார இடமில்லை. சாக்கு மெத்தையாகத் தெரிந்தது.

டப்.

தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. பூவலிங்கம்தான் முதலில் சுதாரித்தான்.

"அழுகாதே மாப்ளே. காத்து எங்கேயும் போகல. பஸ்ஸுக்குள்ளதான் இருக்கு. சன்னலை மூடுங்கடா!"

ஆறு பேரும் பாய்ந்து எல்லாச் சன்னலையும் மூடினார்கள். ஒச்சு தன் பெரிய கையால் ஒரு வாசலை அடைத்துக்கொண்டான். தவசி இன்னொரு வாசலில் நின்றான்.

"யாரும் எறங்கக் கூடாது. அம்மா, பெரிசா மூச்சு இழுக்காதீங்க. அது எங்க காத்து."

"நான் ஏற்கெனவே இழுத்துட்டேனே தம்பி" என்றார் ஒரு கிழவர் பயந்துபோய்.

"அப்ப கடை வரைக்கும் விட்ராதீங்க தாத்தா."

கிழவர் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் பூர்வீகம் பிரண்டைப்பட்டியாக இருக்க வேண்டும்.

நல்லவேளை, பெர்க்மான்ஸ் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இருந்தது. பூவலிங்கம் மட்டும் கதவிடுக்கில் நழுவிப் போய் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பஸ்ஸில் ஏற்றினான்.

"பாருங்க. போன காத்து இதுலதான் இருக்கு."

"எதுல?"

"கொஞ்சம் கலந்துபோச்சு. உங்க கடைச் சரக்கு, உங்களுக்கு அடையாளம் தெரியாதா?"

அதற்குள் பயணிகள் வேர்த்து விறுவிறுத்து பெர்க்மான்ஸைத் திட்ட ஆரம்பித்தார்கள். "யோவ், பந்தை மாத்திக் குடுத்துத் தொலையேன்யா!" என்றார் புகையிலை வியாபாரி. உப்பிய கன்னத்தோடு கிழவரும் கையை ஆட்டினார்.

பெர்க்மான்ஸ் கையெடுத்துக் கும்பிட்டார். "மாத்திடறேன். சத்தியமா மாத்திடறேன். வாங்கின பெட்டியிலேயே பந்தை வச்சுக் கொண்டாங்க."

"பெட்டியைக் கொண்டுவர முடியாதுங்க" என்றான் தவசி. "அதுல எங்க வீட்டுக் கோழி அடை உக்காந்திருக்கு. எடுத்தா முட்டை பூராவும் கூமுட்டையாயிரும்னு காமாயி சொல்லியிருக்கா."

பெர்க்மான்ஸ் கண்ணை மூடித் திறந்தார். "அப்ப நீங்க வர வேண்டாம். வரவே வேண்டாம். பந்தை அந்தப் பெட்டியிலயே போட்டு வைங்க. கம்பெனி ஆளே வந்து மாத்திட்டுப் போவான். எப்ப வருவான்னு மட்டும் என்கிட்டக் கேக்காதீங்க."

வீட்டுக்குப் போனார்கள். காமாயியின் கோழி பெட்டிக்குள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கோழியை எடு என்று பெர்க்மான்ஸ் சொல்லவில்லை. முட்டையை எடு என்றும் சொல்லவில்லை. பந்தைப் போடு என்றுதான் சொன்னார். சப்பையாகக் கிடந்த பந்தை மெதுவாகக் கோழிக்கு அடியில் செருகினார்கள். கோழி ஒரு தடவை எழுந்து பார்த்தது. பிறகு, வந்தது வரட்டும் என்று முட்டைகளோடு சேர்த்து அதன் மேலும் உட்கார்ந்துவிட்டது.

கம்பெனி ஆள் வரவில்லை. பொங்கல் நெருங்கியது. காமாயி நாள் எண்ணினாள். தவசியின் இடது தோளை ஒரு தடவை பார்ப்பாள். அடுத்த தெருப் பக்கம் ஒரு தடவை பார்ப்பாள். அவ்வளவுதான்.

தவசி கம்பெனிக்கே போன் போட்டான். ஒரு பெண் குரல் பேசியது. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும் என்றது. பிறகு பாட்டு வந்தது. மறுபடி அதையே சொன்னது.

தவசி போனைப் பொத்திக்கொண்டு சொன்னான். "நம்ம பேச்சு அவங்களுக்கு ரொம்ப முக்கியமாம் மச்சான்."

"யாரு, மொதலாளி மகளா?"

"அப்படித்தான் இருக்கும். தயவுசெஞ்சுங்குது. பாட்டெல்லாம் போடுது."

போன் கை மாறியது. ஒவ்வொருவனும் வாங்கிக் கேட்டு, "நல்லா இருக்கோம்மா. நீங்க வேலையைப் பாருங்க, நாங்க இருக்கோம்" என்று சொன்னான். சார்ஜ் தீருகிறவரை காத்திருந்தார்கள்.

"நம்மளை எத்தனையோ பேர் காக்க வச்சிருக்கான்" என்றான் ஒச்சு. "இம்புட்டு மரியாதையா யாரும் வச்சதில்ல அண்ணே."

காணும் பொங்கலும் வந்துவிட்டது. ஆட்டம் சாயங்காலம். பந்து இல்லை. ஆறு பேரும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடப் போயிருந்தார்கள். கோடு போடச் சொல்லியிருந்தார்களே. காமாயி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து கம்பெனி ஆள் வந்தார். அதே டை. பெர்க்மான்ஸ் அவரிடம் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்: "அந்த ஊர்ல யார்கிட்டயும் பேச்சுக் குடுக்காதே. பழைய பந்தை எடு. அது இருந்த இடத்துல புதுசை வை. ஓடி வந்துரு."

அவர் கோழியைத் தூக்கினார். பழைய பந்தை உருவினார். காற்றடித்த புதுப் பந்தை அங்கேயே வைத்தார். கோழி அவர் டையைப் பிடித்துக்கொண்டது. விடுவித்துக்கொண்டு ஓடிவிட்டார். அந்த இழுபறியில் பொரிக்காத ஒரு முட்டை உருண்டு கட்டிலுக்கு அடியில் போனதை அவர் கவனிக்கவில்லை.

காமாயி திரும்பி வந்தாள். எட்டிப் பார்த்தாள். போட்ட சத்தத்தில் மைதானத்தில் இருந்த ஆறு பேரும் ஓடி வந்தார்கள்.

பெட்டியில் குஞ்சுகள் பொரித்துக் கிடந்தன. நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு பந்து.

"ஒம்பது முட்டை வச்சேன்" என்றாள் காமாயி. "எட்டுக் குஞ்சு. ஒரு பந்து. கணக்குச் சரியாத்தான் இருக்கு."

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கும்படி அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"பழைய பந்து எங்க?" என்றான் ஒச்சு.

"அது ஓடுடா" என்றான் பூவலிங்கம். "பொரிச்சதும் கோழி ஓட்டைத் தின்றுமே, பாத்ததில்ல?"

தவசி பந்தைத் தொட்டுப் பார்த்தான். கதகதப்பாக இருந்தது. கோழி உட்கார்ந்தால் எதுவும் கதகதப்பாகத்தான் இருக்கும்.

"இப்பத்தான் மச்சான் எனக்கு விளங்குது" என்றான். "கம்பெனியில ஏன் இம்புட்டு நாளாகுதுன்னு. அடை வச்சுத்தானே எடுக்கிறாங்க!"

"பின்னே? சீமை பூராவும் பந்து கேட்டா, ஒரு கோழி எத்தனைக்குத்தான் உக்காரும்? பாவம், அந்தப் புள்ளை போன்ல சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டுப் பாட்டுப் போட்டிருக்கு."

சரி, பந்து வந்துவிட்டது. ஆடலாம்தானே? அதுதான் இல்லை. ஒச்சு தன் தொடையளவுக் கையைப் பார்த்தான். பந்தைப் பார்த்தான். பின்வாங்கினான்.

"பொறந்து ஒரு பொழுது ஆகல. இதைப் போட்டு எப்படிண்ணே அடிக்கிறது?"

எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். காமாயி பந்தைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் யோசித்த பிறகு பூவலிங்கம் தொண்டையைச் செருமினான்.

"ஆட்டத்துல விதி என்ன? பந்து கீழ விழக் கூடாது. அம்புட்டுத்தான். பச்சப்புள்ளையைக் கீழ விடாமப் பாத்துக்கணும். தொட்டுத் தொட்டு மேல அனுப்பணும். அடிக்கவே வேண்டியதில்ல."

"இதை யாரும் நமக்கு முந்தியே சொல்லலையே மச்சான்!" என்றான் தவசி.

சாயங்காலம் மேலக்கரட்டுக்காரர்கள் வலையோடு வந்தார்கள். கருமலை முன்னால் வந்தார். "என்ன தவசி, தோள் தயாரா?" என்றார்.

"மெல்ல அடிங்கண்ணே. இப்பத்தான் பொரிச்சது" என்றான் தவசி, சேலையைப் பிரித்துக்கொண்டே.

கருமலைக்குச் சிரிப்பு ஆரம்பித்தது. பிறகு நிற்கவில்லை. அவர் டீமுக்கும் தொற்றிக்கொண்டது.

நடுவர் பால்கார வெள்ளையப்பன். இரண்டு ஊர்ப் பாலிலும் ஒரே அளவு தண்ணீர் கலப்பவர். அதைவிட நடுநிலையான ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாது. விசில் ஊதினார்.

பிரண்டைப்பட்டி அன்றைக்கு ஆடின மாதிரி ஒருவரும் ஆடிப் பார்த்ததில்லை. பந்து எங்கே போனாலும் ஆறு பேரும் "ஐயோ, புள்ளை!" என்று கீழே பாய்ந்தார்கள். மார்பால் தாங்கினார்கள். முதுகில் ஏந்தினார்கள். முழங்கால் தேய்ந்தது, முகம் தேய்ந்தது, பந்து மண்ணைத் தொடவில்லை. ஒச்சு அந்தப் பெரிய கையால் பந்தைத் தொட்டில் ஆட்டுவது மாதிரி வலைக்கு மேல் அனுப்பினான்.

அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே விட்டார்கள். பந்து விழுந்தது. பாயிண்ட் பிரண்டைப்பட்டிக்கு. தவசி தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

சிரிப்பு அடங்கியதும் கருமலை ஓங்கி ஒரு அடி அடித்தார். அப்போதுதான் கோழி வந்தது. தான் அடைகாத்ததை ஒருவன் அடித்தால் எந்தத் தாய் பொறுப்பாள்? நேராகப் போய் கருமலையின் கெண்டைக்காலில் கொத்தியது. அவர் ஓடினார். கோழி துரத்தியது. மேலக்கரட்டு டீம் ஆட்டத்தை விட்டுக் கோழியைத் துரத்தியது.

"ஏழு பேர் ஆடுறாங்க! கோழியை வெளியேத்துங்க!" என்று நடுவரிடம் கத்தினார் கருமலை, ஓடிக்கொண்டே.

வெள்ளையப்பன் யோசித்தார். "கோழி பந்தைத் தொடல. அப்ப அது ஆட்டக்காரர் கிடையாது, வேடிக்கை பாக்க வந்தது. வேடிக்கை பாக்குறவுங்க கொத்தக் கூடாதுன்னு விதி இல்ல" என்றார்.

பிரண்டைப்பட்டி ஜெயித்தது.

கொஞ்ச நேரம் ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிறகு தவசி பந்தைக் காமாயி மடியில் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கருமலை முன் போய் நின்றான்.

"தூக்குங்கண்ணே. என் வீட்டு வாசல்ல எறக்கணும்."

கருமலை தேய்த்துக்கொண்டிருந்த காலை விட்டுவிட்டு நிமிர்ந்தார். தவசியின் வீடு மைதானத்துக்கு எதிர்த்தாற்போல் இருந்தது. எச்சில் துப்பினால் விழுகிற தூரம். "வா, ஏறு" என்றார் சந்தோஷமாக.

"நில்லு மாப்ளே" என்றான் பூவலிங்கம். "நீ இத்தனை வருசமா மூணு மைல் சுமந்தே. அவரு இந்தா இருக்கிற வீட்டுக்குச் சுமந்தா அது ஞாயமா?"

தவசியின் முகம் சுருங்கிவிட்டது. "அதானே! எனக்கு மூணு மைல் வேணும்."

"அப்ப மேலக்கரட்டுல இருந்துதான் சுமந்துக்கிட்டு வரணும்."

"அவரு முதல்ல மேலக்கரட்டுக்குப் போகணுமே."

"என்னால ஒரு எட்டுக்கூட நடக்க முடியாதுப்பா" என்றார் கருமலை, கெண்டைக்காலைக் காட்டி. "கோழி தின்னுருச்சு."

எல்லோரும் கவலையாக யோசித்தார்கள். தவசிதான் தீர்வு சொன்னான்.

"நான் உங்களைத் தூக்கிக்கிட்டுப் போய் மேலக்கரட்டுல விட்றேன். அங்கேருந்து நீங்க என்னைத் தூக்கிக்கிட்டு வாங்க."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தவசி கருமலையை வழக்கமான இடது தோளில் ஏற்றிக்கொண்டு மூன்று மைல் நடந்தான். அந்தத் தோள் அந்த எடைக்குப் பழகியது.

தன் வாசலில் இறங்கியதும் கருமலை கைகால்களை நீட்டிச் சோம்பல் முறித்தார். "இன்னைக்கு என் தோள் பழுது தவசி. நல்லாகட்டும், கட்டாயம் தூக்குறேன். கியாரண்டி" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தத் தோளோடு வாசப்படி ஏறக் கூடாது என்று காமாயி சொல்லியிருந்ததால், தவசி ராத்திரி மைதானத்திலேயே படுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் அவன் விஷயத்தைச் சொன்னபோது பூவலிங்கம் உதட்டைப் பிதுக்கினான்.

"தோள் பழுதுன்னா, மாத்திப் புதுசு வரணும். கம்பெனி வழியாப் போனா அடுத்த பொங்கல் ஆயிரும். நம்ம கோழிகிட்டக் குடுத்தா மூணே வாரம்."

ஒரு கல்யாண வீட்டிலிருந்து பிரிட்ஜ் வந்த பெரிய அட்டைப் பெட்டியை வாங்கிக்கொண்டு மேலக்கரட்டுக்குப் போனார்கள். கருமலை பெட்டியைப் பார்த்தார். வைக்கோல் பரப்பியிருந்தது.

"படுத்துக்கங்கண்ணே. மூணு வாரம் அசையாம இருந்தாப் போதும்" என்றான் ஒச்சு.

கருமலை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சாப்பாடு?"

"பெட்டிக்கே வந்துரும்."

ஏறிப் படுத்துக்கொண்டார்.

அடைக்கோழி இடம் மாறாது. அதனால் பெட்டியைத்தான் பிரண்டைப்பட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆறு பேரும் தூக்கினார்கள். முன்னால் தவசி.

காமாயி வாசலில் குஞ்சுகளுக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பெட்டி வந்தது. பெட்டிக்கு மேலே கருமலையின் வயிறு வந்தது. பெட்டிக்குக் கீழே அவள் புருஷன் வந்தான்.

"ஏய்யா! நேத்து ஜெயிச்சது நீதானே? என்ன சொல்லியிருந்தேன் உங்கிட்ட?" என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

தவசி வாசப்படியில் ஒரு காலை வைத்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான்.

"கோவிச்சுக்காதே காமாயி. நீ சொன்ன தோள் இல்ல. நல்லாப் பாரு, வலது தோள்."

காமாயி பார்த்தாள். வலதுதான்.

"அப்பச் சரி. உள்ள கொண்டா" என்றாள்.